எங்கள் கொல்லைக் கபடியை ஏலம் விட்ட பொங்கல்

எனக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஐந்து பேர். நான்கு நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. வரிசை சொல்லும்போது அந்த ஒன்றைத்தான் மூத்தவன் என்று முதலில் சொல்வேன். ஐந்து பேரையும் பள்ளிக்கூடம் அனுப்பினேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்க வரும், அதற்கு மேல் வராது. அதனால் இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கடைசிப் பையனின் மகள்.

குரும்பலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் எங்கள் கொல்லை; பயிர் வைக்கிற நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்தக் கொல்லையில் நானும் என் வீட்டுக்காரரும் கூலிக்குக் களை வெட்டியிருக்கிறோம். அப்போது அது வேறொருவருடையது. வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்தால்கூட, எழுந்து வேலையைப் பார் என்பார்கள். பிறகு மாடு வளர்த்து, வெங்காயம் போட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்து அதையே வாங்கினோம். பத்திரம் பதிந்து வந்த அன்று என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அதை ஒரு வருஷம்கூடத் தரிசாகப் போட்டதில்லை.

தை பிறப்பதற்கு முன்னால் மக்காச்சோளம் ஒடித்துத் தட்டையை அறுத்துவிட்டால் கொல்லை வெறுமையாகக் கிடக்கும். மண் நல்ல மண், விழுந்தால் உறைக்காது. அதனால் ஊர்ப் பிள்ளைகள் பொங்கலுக்கு அங்கேதான் சடுகுடு வைப்பார்கள். கபடி என்று சொன்னால்தான் இப்போது மதிப்பு. சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து டீம் வரும். அதற்கு முன்னால் ஊரார் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "கொல்லைய ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்று கேட்க வேண்டும். முன்பு என்னை 'ஏ புள்ள' என்று கூப்பிட்ட வாயெல்லாம் அன்றைக்கு 'அம்மா' என்று கூப்பிடும். நான் உடனே வெற்றிலைத் தட்டை வாங்க மாட்டேன். "ஒக்காருங்க, காப்பி குடிங்க" என்று சொல்லிக் கொஞ்சம் காக்க வைத்துத்தான் வாங்குவேன். கொல்லை யாருடையதோ அவர் வீட்டில்தான் வெளியூர் ஆட்டக்காரர்களுக்குச் சோறு. அந்த இரண்டு நாளும் எனக்கு அண்டாவும் கரண்டியும்தான். ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. விசில் சத்தமும் ஜனங்களின் கூச்சலும் காதில் விழும். கூச்சல் எப்படி எழும்புகிறது என்பதை வைத்தே யார் பிடிபட்டார், யார் தப்பினார் என்று சொல்லிவிடுவேன்.

மூத்தவன் அந்தக் கொல்லையில்தான், மூச்சு விடாமல் 'சடுகுடு' பாடிக்கொண்டு எதிர்ப் பக்கம் போய்வரப் பழகினான். பிள்ளைகள் அதை ரைடு என்பார்கள். அவன் பாடிப் போனால் எதிராளிகள் கோடு வரைக்கும் பின்வாங்குவார்கள் என்று ஊரே சொல்லும். கடைசிப் பையனுக்கு நடை சரியாக வராத வயதிலிருந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், ஆட்டம் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். அப்புறம் அவனுக்கு சவுதியில் வேலை கிடைத்தது. லெப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவரின் கடை. நல்ல மனிதர்கள், வயிற்றுக்குக் குறையில்லை. ஆனால் லீவுதான் கிடைக்கவில்லை. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு பொங்கலுக்கும் குரும்பலூர் ஸ்டுடியோக்காரர் ஆட்டத்தை வீடியோ எடுத்து ஒரு கேசட் கொடுப்பார். ஊருக்கு வந்து திரும்புகிற பாய்மார் யாராவது கையில் அதைக் கொடுத்துவிடுவேன். அங்கே அவர்கள் அறையில் போட்டுப் பார்ப்பார்களாம்.

நான் சொல்லப் போகிற பொங்கல், அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்ததே, அதை ஒட்டியது. சிடி அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் இன்னும் கேசட்தான். அந்த வருஷம் கடைசிப் பையனை முதல் தடவையாக ஊர் டீமில் சேர்த்திருந்தார்கள். மூத்தவன் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பெரியம்மா, எனக்கு முறுக்கு வேணாம், ஊறுகா வேணாம். தம்பி பாடுறத நான் பாக்கணும். கேசட்ட மட்டும் எப்படியாவது குடுத்து வுடுங்க."

அந்த முறை லீவில் வந்திருந்த பாய், அவன் முதலாளியின் தம்பி, பொங்கல் முடிந்த கையோடு கிளம்புகிறார் என்றும் சொன்னான். அவரை விட்டால் அடுத்து யார் எப்போது போவார்களோ தெரியாது. அந்த பாயே முன்பொரு நாள் பெரம்பலூரில் என்னைப் பார்த்தபோது, "பையன் முன்ன மாதிரி இல்லம்மா, யார்கிட்டயும் பேசறதில்ல. வேலைய முடிச்சா செவுத்தப் பாத்துப் படுத்துக்கறான்" என்று சொல்லியிருந்தார். அது எனக்கு நெஞ்சிலேயே கிடந்தது. அதனால் கேசட் என்பது எனக்கு வெறும் கேசட் இல்லை.

அப்போதுதான் பெரம்பலூர் கேபிள்காரர் வந்தார்.

டவுனில் வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்து மாசா மாசம் பணம் வாங்கிப் படம் காட்டுகிறவர். நம் ஊர்க் கபடியை எடுத்துத் தன் சேனலில் போட்டால் ஜனங்கள் விரும்பிப் பார்ப்பார்கள், புதுசாகக் கனெக்‌ஷனும் வாங்குவார்கள் என்று அவருக்கு யோசனை. "படம் எடுக்குற உரிமைய எனக்குக் குடுங்க, பணம் தரேன்" என்று ஊராரிடம் கேட்டார். ஒரு வாரத்துக்குள் அரியலூர்க் கேபிள்காரரும் அதையே கேட்டு வந்துவிட்டார். எங்கள் ஊருக்கு இப்படியொரு வியாபாரம் தெரியாது. தெரிந்தது ஏரி மீன் குத்தகையும் புளியமரக் குத்தகையும்தான். ஆகவே ஊர்த் தலைவர் அந்த வழக்கப்படியே மாரியம்மன் கோயில் முன்னால் ஏலம் வைத்துவிட்டார்.

ஊரே திரண்டு வந்தது. பெரம்பலூர்க்காரர் ஒரு தொகை சொன்னால் அரியலூர்க்காரர் ஏற்றுவார்.

"நம்ம பயலுவ கோமணத்தோட உருள்றதுக்கு இவ்வளவு காசா?" என்று ஒரு கிழவர் வாயைப் பிளந்தார்.

"கோமணம் இல்ல மாமா, டவுசரு. அதான் வெல கூடுது" என்றாள் அவருக்கு மருமகள் முறையாகிற ஒருத்தி. கூட்டம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கடைசியில் பெரம்பலூர்க்காரருக்கே முடிந்தது. அந்தப் பணத்தில் கோயிலுக்கு இரும்புக் கேட் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். கேபிள்காரர் எழுந்து நின்று, "ஒரே ஒரு கண்டிசன். என்னோட கேமராவத் தவிர வேற கேமரா ஒண்ணு உள்ள வரக் கூடாது. ஞாயித்துக்கெழம சாயந்திரம் என் சேனல்ல வர்ற வரைக்கும் வேற யாரும் காட்டக் கூடாது" என்றார். குத்தகைக்காரர் வலை போடும் ஏரியில் வேறு யார் வலை போடுவார்கள்? சரிதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் நின்று நானும்தான் ஆட்டினேன்.

எல்லாம் முடிந்து வெற்றிலை மாற்றிய பிறகு அதே கிழவர் கேட்டார். "ஏன் தம்பி, நம்மூருக்கு ஒங்க ஒயரு இருக்கா?"

ஒயர் குரும்பலூரோடு நின்றுவிட்டது. எங்கள் ஊரில் இருந்த நாலைந்து டிவியும் மாடியில் ஆண்டெனா நட்டு, தூரதர்ஷன் பார்க்கிற டிவி. எங்கள் ஆட்டத்தை நாங்களே பார்க்க முடியாதபடி விற்றிருந்தோம்.

"வரும் பெரியவரே, அடுத்த வருசம் கண்டிப்பா வரும்" என்று கேபிள்காரர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

காணும் பொங்கலன்று காலையில் குரும்பலூர் ஸ்டுடியோக்காரர் வழக்கம்போல் கேமராவோடு வந்தார். ஆட்டத்தை நடத்துகிற மன்றத்துப் பிள்ளைகள் அவரை வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படிக்கு வந்து, "அக்கா, இந்த வருசம் என்னால முடியாது. ஏலம் எடுத்தவரு வுட மாட்டேங்குறாரு" என்று சொல்லிவிட்டுப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. கேசட் இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். முதல் ஆட்டம் முடிந்து ஓய்வு விட்டிருந்தார்கள். ஊர்த் தலைவர் நாற்காலியில் இருந்தார், பக்கத்தில் கேபிள்காரர்.

"ஏரியில மீன் குத்தகை வுட்டா, மடைய ஒட்டிக் கொல்ல வெச்சிருக்குறவங்க வூட்டுக்கு மொத வலையில ஒரு கூட மீனு வரும். உண்டா இல்லியா?" என்று கேட்டேன்.

"உண்டும்மா" என்றார் தலைவர். அந்தக் கொல்லைக்காரர்களுக்குக் காலம் காலமாக உள்ள பங்கு அது. யாரும் மாற்றிப் பேச முடியாது.

"இங்க ஏரியே என் கொல்ல. எனக்கு மொத வலை மீனு எங்க?"

தலைவர் கேபிள்காரர் பக்கம் திரும்பினார். "அம்மா கேக்குறது நாயந்தான். ஊர் வழக்கம் அது."

கேபிள்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒரு கேசட் காப்பி கேட்கிறேன் என்று தெரிந்ததும் பதறிவிட்டார். "ஆத்தா, மீனு வேற, படம் வேற. ஒரு கூட மீனு குடுத்தா எனக்கு ஒரு கூடதான் கொறையும். ஒரு கேசட்டு குடுத்தா மொத்தமும் போயிடும். அதுலேர்ந்து நூறு காப்பி எடுக்கலாம். இன்னைக்கு ஒங்க கையில குடுத்தா நாளைக்கு அரியலூர்க்காரன் அவன் சேனல்ல போட்டுடுவான். அப்புறம் நான் ஞாயித்துக்கெழம போட்டா எவன் பாப்பான்? ஞாயிறு முடியட்டும், நானே வூடு தேடி வந்து குடுக்குறேன்."

"ஞாயிறு வரைக்கும் பாய் இருக்க மாட்டாரு தம்பி. சவுதிக்குப் போற கேசட்டு அது."

"சவுதிக்கா? நடுவுல எத்தன கை மாறும்னு யாருக்குத் தெரியும்?"

நான் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். கோபம் இருந்தது. ஆனால் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே யோசித்தால் அந்த ஆள் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. மீனைத் தின்றால் தீர்ந்துவிடும். படத்தைப் பார்த்தால் தீராது. ஆனால் ஒருவர் முந்திப் பார்த்துவிட்டால் பிந்தியவருக்கு அது பழசாகிவிடும். அவர் காசு கொடுத்து வாங்கியது படத்தை அல்ல, முந்திக் காட்டுவதைத்தான். இதை ஏலத்தன்று எங்களில் ஒருவருக்கும் யோசிக்கத் தெரியவில்லை.

பந்தி முடிந்து எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மறுபடியும் போனேன்.

"தம்பி, ஒன் பயம் எனக்குப் புரியுது. நீ காப்பி குடு. ஒன் சேனல்ல வர்ற வரைக்கும் கடலுக்கு இந்தக் கரையில ஒரு கண்ணு அதப் பாக்காது. என் கண்ணும் பாக்காது. மாரியம்மன் முன்னால சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுறேன்."

கேபிள்காரர் என்னையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா சூடம் அணைச்சா அதுக்கு மேல பத்திரம் கெடையாது தம்பி" என்றார் தலைவர். "இந்த ஊர்ல அதுக்கப்புறம் போலீஸே கேள்வி கேக்காது."

கோயில் வாசலில் சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். கேபிள்காரர் என் கையைப் பார்த்து, "சுடலையா ஆத்தா?" என்றார். "சுடும். அதுக்குத்தான பண்ணுறது" என்றேன்.

மறுநாள் கடைசி ஆட்டம். வேப்பந்தட்டைப் பக்கத்து டீமோடு. அப்போதும் நான் அடுப்படியில்தான். கூச்சல் மேலே மேலே ஏறி, சட்டென்று இரண்டாக உடைந்தது. பாதிப் பேர் சந்தோஷமாகவும் பாதிப் பேர் கோபமாகவும் கத்துகிற மாதிரி. அப்படியொரு சத்தம் அதற்கு முன் நான் கேட்டதில்லை. என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தோற்றுவிட்டோம். கடைசியாகப் பாடிப் போனவன் என் பையன். மூன்று பேர் சேர்ந்து அவனைப் பிடித்தார்கள். அவர்களை இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டுக்குக் கையை நீட்டி விழுந்தான். தொட்டுவிட்டேன் என்கிறான். தொடவில்லை, மூச்சு விட்ட பிறகுதான் கை பட்டது என்று அம்பயர் சொல்லிவிட்டார். அங்கே நின்றவர்களிலும் பாதிப் பேர் அப்படி, பாதிப் பேர் இப்படி.

"தொட்டம்மா. சத்தியமா தொட்டேன்" என்று அவன் அடுப்படியில் வந்து குந்தினான். முழங்கையெல்லாம் தோல் உரிந்து மண். சோறு வேண்டாம் என்றான். ஊரில் இரண்டொருவர் அவன் முகத்துக்கு நேராகவே, "ஒன்னாலதான் கோப்பை போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவன் வெளியே தலை காட்டவில்லை.

அடுத்த நாள் காலையில் பெரம்பலூர் போனேன். பையனையும் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். கேபிள்காரர், காப்பி தருகிறேன் என்று கோயிலில் சொன்ன சொல் தவறாமல், கேசட்டைத் தாளில் சுற்றி ஒட்டித் தந்தார். நான் அதைத் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் லெப்பைக்குடிக்காட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, அரியலூர்க் கேபிள்காரர் டீ கிளாஸோடு வந்து நின்றார். ஊர் வாய் அரியலூர் வரைக்கும் போயிருக்கிறது.

"ஆத்தா, அரை மணி நேரம் குடுங்க போதும். காப்பி எடுத்துட்டு அப்படியே தந்துடுறேன். ஒங்க பையன் பாடுறத ரெட்டிபாளையம் சிமெண்ட் கம்பெனி டீமு ஆளுங்கள்லாம் பாப்பாங்க. நாளைக்கே கூப்புட்டு வேல குடுத்தாலும் குடுப்பாங்க."

அது கொஞ்சம் அசைத்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது. பையன் என் முகத்தையே பார்த்தான்.

"ஏலத்துல வுட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல புடிக்க வந்தியா தம்பி?" என்றேன். "டீ ஆறுது, குடிச்சுட்டுக் கெளம்பு."

அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு எங்களுக்கும் டீ சொன்னார்.

லெப்பைக்குடிக்காட்டில் பாய் வீட்டு வாசலிலேயே பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள். சாயந்திரம் கார் வரும் என்றார்கள். பாய் வீட்டம்மா எங்களை உட்கார வைத்து, நெய்ச்சோறு போட்டார். கூடத்தில் டிவி, அதன் கீழேயே கேசட் போடுகிற டெக். பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாடு இறங்கவில்லை.

"ம்மா, கடைசி ரைடு மட்டும். வேற எதுவும் வேணாம். நான் தொட்டனா இல்லியான்னு மட்டும் பாத்துடுறேன்."

"ஞாயித்துக்கெழம பாரு."

"அதுக்குள்ள ஊருல என்னைய கொன்னுடுவானுங்கம்மா."

பாய் வீட்டம்மாவுக்கு மனம் தாங்கவில்லை. "போட்டுப் பாத்துட்டுக் குடுங்களேம்மா. புள்ள முகத்தப் பாருங்க. இங்க யாரு இருக்கா வெளிய போயி சொல்ல?"

எனக்கும் பார்க்க ஆசைதான். என் பையன் பாடி நான் கண்ணால் பார்த்ததில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் இன்னும் கன்றிப்போய்த்தான் இருந்தது. துணியை அவிழ்க்காமல் அப்படியே பாயிடம் கொடுத்துச் சத்தியம் செய்ததைச் சொன்னேன்.

பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இது அமானிதம்மா. என்னைய நம்பிக் குடுத்த பொருளு. இன்ஷா அல்லாஹ், ஒங்க மகன் கையில சேக்குற வரைக்கும் என் வூட்டுலயும் யாரும் பிரிக்க மாட்டாங்க." துணிமணிக்கு நடுவில் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டார். திரும்புகிற பஸ்ஸில் என் பையன் என்னை விட்டுத் தள்ளிப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் ஊரே காலியாகிவிட்டது. குரும்பலூரில் சொந்தம், பழக்கம், கடன் கொடுத்தவர், வாங்கினவர் என்று யார் யாருக்கு எந்த வீட்டில் இடம் உண்டோ அங்கெல்லாம் போனார்கள். பஸ்ஸில் படிக்கட்டு வரைக்கும் ஆள். கண்டக்டர், "என்னடா, ஊர வுட்டே ஓடுறீங்களா?" என்றார். பையன் அவன் சேக்காளிகளோடு போய்விட்டான். நான் என் மகளைக் கொடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே டிவியும் இருந்தது, கேபிளும் போட்டிருந்தார்கள்.

சம்பந்தியம்மா டிவியைப் போட்டார்கள். வெள்ளை வெள்ளையாகப் பூச்சி பறந்தது. பின்னால் போய்த் தட்டினார்கள், ஒயரை அசைத்தார்கள். மகள் மட்டும் அடுப்படி நிலையில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாசக் காசு கட்டவில்லை என்று கேபிள்காரர் ஆள் வந்து ஒயரை எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கௌரவத்துக்கு என்னிடம் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து விசில் சத்தம் வந்தது. என் கொல்லை விசில். "அங்க போவலாம் வாங்க சம்பந்தி" என்று அவர்கள் அரை மனதாகக் கூப்பிட்டார்கள். நான் போனால் அவர்கள் வீட்டில் ஒயர் இல்லாதது தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

"நேருலயே பாத்த ஆட்டந்தான சம்பந்தி. எனக்கு ஒங்களத்தான் பாக்கணும். ஒக்காருங்க, பேசலாம்" என்றேன்.

மகள் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்தபோது என் விரலை ஒரு தரம் அழுத்தினாள். நாங்கள் மாட்டைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் கூச்சல் ஏறி ஏறி, கடைசியில் மறுபடியும் இரண்டாக உடைந்தது.

பையன் திரும்பி வந்தபோது முகம் இன்னும் மோசமாக இருந்தது. டிவியில் அந்த இடம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டதாம். பார்த்தவர்கள் அங்கேயும் பாதி பாதியாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. சவுதியில் வெள்ளிதான் லீவு. எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு மளிகைக் கடையில் போன். கடைக்காரம்மா தெருவில் நின்று, "அக்கோவ், சவுதி!" என்று கத்தினால் நான் போட்டது போட்டபடி ஓடுவேன்.

"பெரியம்மா, பாத்துட்டேன்" என்றான். நாலைந்து வருஷமாக அவன் குரலில் இல்லாத ஒரு துள்ளல். "ரூம்ல இருக்குற அத்தன பேரும் பாத்தோம். திருப்பித் திருப்பிப் போட்டோம். நீங்க பாத்தீங்களா?"

"இல்லப்பா."

"டிவியில வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. எனக்குக் குடுத்து வெக்கல."

"அப்ப நான் சொல்றேன், கேளுங்க" என்றான்.

"காசு ஏறுமேடா."

"ஏறட்டும் பெரியம்மா."

முதல் ஆட்டத்திலிருந்து சொன்னான். யார் யார் எங்கே நின்றார்கள், தம்பி எப்படிக் குனிந்து போனான், எதிராளி கணுக்காலுக்கு வந்தபோது எப்படிக் காலை உதறிக்கொண்டான், எல்லாம். என் கொல்லையில், என் அடுப்படிக்கு நாற்பது அடி தள்ளி நடந்ததைக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் எனக்குக் காட்டினான். கடைக்காரம்மா கல்லாவை விட்டு வந்து ரிசீவரில் காதை ஒட்ட வைத்துக்கொண்டாள். நடுவில், "கொல்ல ஓரத்துல வேப்பமரம் நின்னுச்சே, எங்க பெரியம்மா?" என்று கேட்டான். கரண்டு கம்பி போட வெட்டியது. அவனிடம் சொல்ல விட்டுப்போயிருந்தது. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே சொன்னான்.

"கடைசி ரைடு. மூணு பேரு மேல வுழுந்துட்டானுங்க. இழுத்துக்கிட்டே வரான். கைய நீட்டுறான். அந்த எடத்துல நான் டெக்க நிறுத்திட்டேன் பெரியம்மா. படம் அப்படியே நிக்குது. கிட்டப் போயி பாத்தேன். நடு வெரலு கோட்டுச் சுண்ணாம்புல இருக்கு. வாயி இன்னும் தொறந்து பாடிக்கிட்டு இருக்கு. அவன் தொட்டுட்டான். அம்பயருக்கு அந்தப் பக்கம் ஆளுங்க மறச்சிட்டானுங்க. தொட்டுட்டான் பெரியம்மா. அவன்கிட்ட சொல்லுங்க, அண்ணன் பாத்துட்டான்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு நான் ஓடிய ஓட்டம் எனக்கே தெரியாது. கடைக்காரம்மா எனக்கு முன்னால் தெருவில் சொல்லிக்கொண்டே போனாள். பையன் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தான். அண்ணன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கூடையைக் கீழே வைத்தான். "நிறுத்திப் பாத்தானா?" என்று கேட்டான். "நிறுத்திப் பாத்தான்" என்றேன். "நடு வெரலா?" என்றான். "நடு வெரலு" என்றேன். தன் நடு விரலை நீட்டி, சாணியோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் கழுவிவிட்டு வந்து, சோறு போடச் சொன்னான்.

கோப்பை ஒன்றும் திரும்பி வரவில்லை. அது வேப்பந்தட்டைப் பக்கமே இருந்துவிட்டது.

போதும் கண்ணு, கை வலிக்கும். பேனாவ வெச்சுட்டு அத இப்ப வாசி. மொதல்லேர்ந்து வேணாம், ஒங்கப்பன் பாடிப் போற எடத்துலேர்ந்து வாசி. மெதுவா வாசி, எனக்கு அவசரம் இல்ல.